சாயாத வண்டி

முத்துவேல் தன் கையால் செய்த வண்டி, தை மாதம் ஒரு பட்டப்பகலில் அவன் மேலேயே சாய்ந்தது. அரும்பாவூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்து மக்காச்சோளக் காடு அது. அறுத்த கதிர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி பாக்யலட்சுமி கிணற்றடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரும்பு தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றுபோனது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

வண்டியைத் தூக்க ஆள் போதவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து டிராக்டர் வந்து சங்கிலி கட்டி இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியை ஓட்டிவந்த கொழுந்தன் பாலாஜி, மணிக்கட்டு ஒடிந்து தொங்க, அண்ணன் தலைமாட்டில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். "நான் மெதுவாத்தான் ஏத்துனேன் அண்ணி" என்று அந்த ஒரு தடவை மட்டும் சொன்னான்.

அது என்ன வண்டி என்று சொல்லவேண்டும். பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினை டிராக்டரில் மாட்டித்தான் காடு காடாக இழுத்துப் போவார்கள். டிராக்டர் வைத்திருப்பவர் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தால்தான் வேலை. முத்துவேலின் அப்பா காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்ப் பிழைத்தது. முத்துவேல் பெரம்பலூரில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவன். எவன் டிராக்டரையும் எதிர்பார்க்காமல், தானே ஓடிப்போய்த் தானே கதிரடிக்கிற வண்டி ஒன்று வேண்டும் என்பது அவன் வெறி. காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு மினி லாரியைப் பிடித்தான். பின்னால் இருந்த தொட்டியை வெட்டி எறிந்துவிட்டு, கதிரடிக்கிற மிஷினைத் தூக்கி வைத்தான். லாரி என்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு மிஷின் ஓடும். அந்தப் பெல்ட் ஓடுகிற சக்கரம் வண்டியின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வருஷம் வண்டி ஓடிய ஓட்டத்தில் மிஷினின் கால்கள் பற்றவைத்த இடத்திலெல்லாம் விட்டுப்போயின. பின் ஆக்சிலுக்கு மேல் வில் மாதிரி வளைந்து பாரம் தாங்குகிற கமான் பட்டைகள் லாரிப் பாரத்துக்காகப் போட்டவை. கல் மாதிரி விறைத்து நின்று ஒவ்வொரு குழியையும் மிஷினுக்கு அப்படியே கடத்தின. முத்துவேல் பட்டை அடுக்கைப் பிரித்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று பட்டைகளை உருவிப்போட்டான். வண்டி மெத்தை மாதிரி ஆனது. ஆனால் பின்பக்கம் தணிந்து, அடியில் தொங்கிய சக்கரம் வரப்பில் இடித்தது. அதற்கு ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினான். ஜாக்கியை இறக்கி ஏற்றி, பட்டையை இறுக்குகிற யூ-போல்ட்டை எடுத்துக்கொடுத்து, கூடவே நின்றவள் பாக்யலட்சுமிதான். வேலை முடிந்ததும் அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இப்ப பாரு, எந்த வரப்பு வந்தாலும் தாண்டும்" என்றான். அவளும் சிரித்தாள்.

செத்த அன்றைக்கு அவன் வண்டிக்கு வலப்பக்கம் நடந்துகொண்டே, "வா, வா, குறுக்க ஏத்து, வா" என்று தம்பிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். இடது பின்சக்கரம் வரப்பு மேல் ஏறியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. எப்போதும் ஆடி நிமிர்கிற வண்டி அன்றைக்கு நிமிரவில்லை. முத்துவேல் ஓடாமல், கையால் தாங்கிவிடலாம் என்பதுபோல இரண்டு கையையும் நீட்டினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

போலீஸ் வந்தது. வண்டியைப் பரிசோதித்தவர் பிரேக்கில் குறையில்லை, ஸ்டியரிங்கில் குறையில்லை என்றார். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாகப் பாலாஜி மேல் வழக்குப் பதிவானது. ஊரும் அப்படித்தான் பேசியது. மாமியார் அம்மாக்கண்ணு மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. பெற்ற இரண்டில் ஒன்று செத்து, மற்றது கொன்றது என்று ஆகிவிட்ட தாய் அவள். யாரைப் பார்த்து என்ன சொல்வாள்?

பாலாஜி ஜாமீனில் வீட்டுக்கு வந்தான். பாக்யலட்சுமி அந்த வீட்டுக்கு வாழவந்தபோது அவன் கால்சட்டைப் பையன். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவனுக்குத் தலைவாரி விட்டு, பஸ் ஏற்றிவிட்டு வளர்த்தவள் அவள். இப்போது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான், சாப்பிடமாட்டான். மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்துப் படுத்தால் விடிந்து நெடுநேரம் ஆகியும் எழுந்திருக்கமாட்டான். சாயங்காலமானால் டாஸ்மாக்.

ஸ்டேஷன் வளாகத்தில் வண்டி மாசக்கணக்கில் நின்றது. டயருக்கடியில் புல் முளைத்தது. ஒருவழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது, எடைக்குப் போட்டுவிடு என்றார்கள் எல்லோரும்.

"அந்தச் சனியனை வூட்டு வாசலுக்குக் கொண்டாராத" என்றாள் அம்மாக்கண்ணு.

"கொண்டாரல அத்தை" என்றாள் பாக்யலட்சுமி. ஆனால் எடைக்கும் போடவில்லை.

அதை விட்டுவிட அவளால் முடியாமல்போனதற்குக் காரணம் ஒன்று இருந்தது. வண்டியை எடுக்கப் போன அன்று கண்ணாடியைத் துடைக்கலாம் என்று பக்கவாட்டுப் படியில் ஒரு காலை வைத்து ஏறினாள். அவள் ஒன்றும் கனத்த உடம்புக்காரி இல்லை. ஆனாலும் அவள் ஏறின பக்கம் வண்டி பூராவும் தணிந்து சாய்ந்து, மேலே மிஷினின் வாய் தலைக்கு மேல் வந்து நின்றது. இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் சாய்ந்தது. இத்தனை நாள் இதில் ஏறி இறங்கியவள்தான். ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. ஆடுகிற வண்டி சுகமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறாள்.

அரியலூருக்குச் சற்று முன்னால், சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகிற ரோட்டில் தர்மன் என்பவரின் கமான் பட்டறை இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெடுக்கென்று பேசுவார். அவள் ஒரு வண்டிக்காரனைப் பிடித்துச் சங்கிலி கட்டி அங்கே இழுத்துக்கொண்டு போனாள். தர்மன் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். நிமிரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது.

"எந்த மடையன்மா இதைச் செஞ்சது?"

"எங்க வூட்டுக்காரரு."

"கூப்பிடு அவரை."

"இதுலதாண்ணே போயிட்டாரு."

தர்மன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். சாவு விழுந்த வண்டியைப் பட்டறைக்குள் விட அவருக்கு மனசில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, "உள்ள தள்ளச் சொல்லு" என்றார்.

மறுநாள் பாக்யலட்சுமி பாலாஜியைக் கட்டாயப்படுத்தி பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று தர்மன் சொல்லியிருந்தார். வண்டி விழுந்துவிடாமல் மேலே உத்தரத்திலிருந்து சங்கிலி கட்டினார். மிஷினின் பாரம் முழுக்க ஒன்றுசேர்கிற இடம் எது என்று கணக்குப் போட்டு, அங்கிருந்து ஒரு தூக்குக் குண்டைத் தரைக்குத் தொங்கவிட்டார். இடது பின்சக்கரத்தை ஜாக்கி வைத்து ஒரு வரப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். சக்கரம் ஒரு பங்கு ஏறினால் வண்டியின் உடம்பு மூன்று பங்கு சாய்ந்தது. குண்டு நகர்ந்து நகர்ந்து வலது டயர் விளிம்புக்கு வந்தது. தர்மன் இன்னும் ஒரு தடவை ஜாக்கியை அமுக்கினார். குண்டு டயரைத் தாண்டி வெளியே போனது. உத்தரத்துச் சங்கிலி விறைத்து, விழப்போன வண்டியைத் தாங்கிப் பிடித்தது.

"இதைத் தெய்வமே ஓட்டியிருந்தாலும் சாயும்" என்றார் தர்மன். "பட்டையை உருவுனாரு, வண்டி இளகிடுச்சு. கட்டையை வச்சு உயரத்தையும் ஏத்துனாரு. ரெண்டுல ஒண்ணைச் செஞ்சிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கும்."

பாலாஜி அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் குறுக்க ஏத்தாம நேரா ஏத்தியிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். தர்மன் சொல்லவில்லை. "அன்னைக்குத் தப்பிச்சிருக்கும் தம்பி. வேற ஒரு வரப்புல, வேற ஒரு நாள் போயிருக்கும்."

"உங்க அண்ணன்தானே குறுக்க ஏத்தச் சொன்னாரு!" என்றாள் பாக்யலட்சுமி.

"சொன்னாரு. வண்டி ஆடுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. ஸ்டியரிங் புடிச்சவனுக்குத் தெரியாதா? அண்ணன் மனசு சங்கடப்படும்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவள் அவனைக் கூட்டிவந்ததே அண்ணனைக் கொன்றவன் என்ற அந்தப் பாரத்தை இறக்கிவைக்கத்தான். அது இறங்கவில்லை, அவனுடைய ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது. அவ்வளவுதான்.

வேலை தொடங்கியது. பழையபடி எல்லாப் பட்டையையும் போட்டு, கட்டையை எடுத்துவிட்டால் முடிந்தது என்றார் தர்மன். பாக்யலட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. பழையபடி போட்டால் பழையபடியே மிஷினின் கால்கள் விட்டுப்போகும். அதை ஒவ்வொரு காட்டிலும் பார்த்தவள் அவள். குழியில் இறங்கும்போது மெத்தையாக இருக்கவேண்டும், ஒரு பக்கம் சாயும்போது மட்டும் விறைத்து நிற்கவேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் எப்படி என்று தர்மன் தாடையைத் தடவினார். பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வண்டியின் பின்பக்கத்தை உள்ளபடியே அதே அளவுக்கு வரைந்தார். இரண்டு சக்கரம், ஆக்சில், அதன் மேல் பட்டைகள், அடியில் தொங்குகிற பெல்ட் சக்கரத்துக்கு ஒரு வட்டம், எல்லாவற்றுக்கும் மேலே மிஷின்.

வரைந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பக்கத்துப் பட்டைகளும் நடுவை ஒட்டி நெருக்கமாக இருந்தன. காலைச் சேர்த்து வைத்து நிற்கிற ஆளைத் தோளில் தட்டினால் விழுவான். அகட்டி நின்றால் விழமாட்டான். பட்டைகளை வண்டியின் அடிச்சட்டமான சேஸிலிருந்து வெளியே நகர்த்தி, டயரை ஒட்டி உட்காரவைப்பது என்று முடிவானது. பட்டைகள் நீளமாக, இளக்கமாகவே இருக்கட்டும். மேலே துணைக்கு இன்னொரு பட்டை அடுக்கு வைத்து, பாரம் அமுக்கும்போது மட்டும் அது சேர்ந்து தாங்கட்டும். உடைத்துப் பிரிக்கிற பழைய பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டெபிலைசர் ராடு வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே பூட்டினால், ஒரு பக்கம் தூக்கும்போது மறுபக்கத்தையும் அது இழுத்துப் பிடிக்கும். இவ்வளவையும் தர்மன் சொல்லிவிட்டு, "ஆனா கட்டையை எடுத்தா அந்த பெல்ட் சக்கரம் வரப்புல இடிக்குமே" என்றார்.

"அந்தச் சக்கரம் அடியில ஏண்ணே இருக்கணும்? சைடுல சேஸுக்கு மேல தூக்கி வச்சா பெல்ட் நீளமாகும், அவ்வளவுதானே?" என்றாள் பாக்யலட்சுமி. கதிரை வாரி அந்த மிஷினுக்குள் போட்டவள் அவள். பெல்ட் அறுந்தால் மாட்டியவளும் அவள். தர்மன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அடியில் இருந்த வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு, மேலே ஒரு வட்டம் போட்டார். மிஷினின் கால்களையும் வெட்டிக் குட்டையாக்கிவிடலாம் என்று அப்போது தெரிந்தது. அவள் அந்தப் படத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அழித்த வட்டத்தின் மங்கலான கோட்டையே பார்த்தாள். இதை முத்துவேலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வேலை லேசில் முடியவில்லை. முதல் தடவை பட்டறைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் இறக்கிப் பார்த்தபோது, ராடைப் பூட்டிய இரும்புக் காது பிய்த்துக்கொண்டு வந்தது. தர்மன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, தடித்த தகடு வைத்து மறுபடி பற்றவைத்தார். பட்டைகளுக்குப் போட்ட புதுத் தாங்கி ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்து டயரை உரசியது. அதையும் அறுத்துத் திரும்ப வைத்தார்கள். மழைக்காலம் ஒன்று முழுசாகப் போனது. பாலாஜி சில நாள் வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு நாளும் வண்டியைத் தொடவில்லை.

இதற்கிடையில் பெரம்பலூர் கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. பாலாஜிக்காகத் தேவயானி என்ற வக்கீல் ஆஜரானார். பாக்யலட்சுமி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கழற்றிய கட்டைகளையும் பட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். "பட்டறைக்காரர் வந்து சாட்சி சொல்லட்டும். இறந்தவரோட மனைவி நீங்களே கூண்டேறி, தப்பு வண்டியில, ஓட்டுனவர் மேல இல்லன்னு சொன்னீங்கன்னா வழக்கு நிக்காதும்மா. சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதைச் சொன்னாள். அம்மாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள்.

"செத்துப்போனவன் மேல பழி போடப்போறியா? அவனே அவனைக் கொன்னுக்கிட்டான்னு ஊரைக் கூட்டிச் சொல்லப்போறியா?"

"உசுரோட இருக்கிறதையாவது காப்பாத்த வேணாமா அத்தை?"

"எம்புள்ள செஞ்ச வண்டிடீ அது. இந்தச் சாதி சனத்துல எவன் செஞ்சான் அந்த மாதிரி? அவனைப் போயி மடையன்னு கோர்ட்ல எழுதி வைக்கப்போறியா?"

கிழவி சொன்னதில் பொய் இல்லை. அந்த வண்டி முத்துவேலின் பெருமை. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கொட்டகையில் படுத்திருந்த பாலாஜிக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

குற்றச்சாட்டைப் படித்துக் கேட்கிற நாள் வந்தது. பாக்யலட்சுமி இரும்புக் கட்டைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கோர்ட்டு மரத்தடியில் வைத்திருந்தாள். சாட்சி இன்றைக்கு இல்லை, பிறகுதான் என்று வக்கீல் சொல்லியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாலாஜியின் பேரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி குற்றத்தைப் படித்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டும் என்று தேவயானி அவனுக்கு வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

"ஆமாங்கய்யா" என்றான் பாலாஜி. "என் தப்புதாங்க."

நீதிபதி அவனை நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னார். வக்கீல் அருகே போய் ஏதோ கெஞ்சினார். அவன் அதையே சொன்னான். ஆறு மாசம் ஜெயில் என்றார்கள்.

போலீஸ் கூட்டிப்போகும்போது வராண்டாவில் பாக்யலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டா? ஏண்டா இப்படிப் பண்ணுன?"

"அண்ணன் பேரு கோர்ட்ல வரவேணாம் அண்ணி."

"செத்தவருக்கு எதுக்குடா பேரு? உனக்கு உசுரு இருக்குடா, நீ இன்னும் வாழணும்டா!"

அவன் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

அன்றிலிருந்து அம்மாக்கண்ணு மருமகளோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கோர்ட்டுக்குப் போகாமல், அந்த வண்டியைக் கிளறாமல் இருந்திருந்தால் அபராதத்தோடு முடிந்திருக்கும் என்று யாரோ கிழவியிடம் சொல்லிவிட்டார்கள். உண்மையோ பொய்யோ, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பாக்யலட்சுமி திருச்சி ஜெயிலுக்கு ஒரு தடவை போனாள். கம்பிக்கு அந்தப்பக்கம் பாலாஜி மெலிந்திருந்தான். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"வண்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. போன வாரம் தர்மண்ணே அதே மாதிரி குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாரு. குண்டு டயருக்கு உள்ளயே நிக்குது."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான். லைசென்ஸ் எடுத்துட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு குனிந்துகொண்டான். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னார்.

அடுத்த தையில் அரும்பாவூர்ப் பக்கம் ஒருத்தரும் அவளைக் கதிரடிக்கக் கூப்பிடவில்லை. ஆளைக் கொன்ற வண்டியைத் தங்கள் காட்டில் இறக்க யாருக்குத்தான் மனசு வரும்? அவள் வண்டியை எடுத்துக்கொண்டு எறையூர்ப் பக்கம் போனாள். அங்கே வேலை முடிந்ததும் ஜெயங்கொண்டத்தைத் தாண்டி மீன்சுருட்டி வரைக்கும் போனாள். மஞ்சு, சிந்தாமணி என்று இரண்டு கூலிக்காரிகளைக் கூட வைத்துக்கொண்டாள். வரப்பு வந்தால் நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்ப்பாள். ஒருத்தரையும் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கவிடமாட்டாள். நடந்தால் காட்டுக்காரராக இருந்தாலும் கத்திவிடுவாள். சக்கரம் வரப்பில் ஏறும்போது வண்டி லேசாகச் சாய்ந்து, ஏதோ கைப்பிடித்து இழுத்த மாதிரி அங்கேயே நின்று, மறுபக்கம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சு நின்றுதான் வரும். அது மட்டும் பழகவில்லை.

பாலாஜி வெளியே வந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. அரியலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கல்குழியில் லோடு ஏற்றுகிற வேலையில் இருக்கிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று கேள்வி. போன் பண்ணினால் எடுப்பான். "வரேன் அண்ணி" என்பான். அம்மாக்கண்ணு வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டுக்காரர், வேலை முடிந்து வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இந்த மாதிரி ஒன்றை அவர் கண்டதில்லையாம். குனிந்து பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார்.

பாக்யலட்சுமி முகத்தில் படிந்த சோளத்தூசியைத் துண்டால் துடைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு செஞ்சதுங்க. பின்பக்கம் மட்டும் நாங்க மாத்துனோம்."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, மஞ்சுவும் சிந்தாமணியும் விலகி நிற்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.